வருகைப் பதிவேடும் வினாத்தாளும்

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட நியமன, பதவி உயர்வு விதிமுறைகளின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆசிரியரின் கற்பித்தலை மதிப்பிட உருவாக்கப்பட்டது. தமக்கு ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்தவருக்கு ‘நன்று’. 70 முதல் 80க்குள் எடுத்தவருக்கு ‘திருப்தி’. 70க்குக் கீழே போனவருக்கு ‘திருப்தியில்லை’. வகுப்பறையைப் பற்றி அட்டவணை கேட்பது இதோடு முடிந்துவிடுகிறது. அந்த வகுப்புகளில் என்ன நடந்தது, மாணவர்களுக்கு எது புரிந்தது, எந்த இடத்தில் தடுமாறினார்கள், அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து ஆசிரியர் எதை மாற்றினார் என்பதற்கெல்லாம் அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அடுத்த அட்டவணை ஆய்வுக்கானது. அங்கே கணக்கு நுணுக்கமாகிவிடுகிறது. மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. அறிவியல், பொறியியல் துறைகளில் 8. அதன்மேல் இதழின் தாக்கக் குறியீட்டுக்கு ஏற்பக் கூடுதல் புள்ளிகள். வெளிநாட்டுக் கருத்தரங்கில் அழைப்பின்பேரில் உரையாற்றினால் 7. புதிய பாடம் ஒன்றை வடிவமைத்தால் 2. ஓர் ஆசிரியர் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து இளங்கலை மாணவர்களுக்காக ஒரு பாடத்தை அடியிலிருந்து கட்டி எழுப்புவதைவிட, வெளிநாட்டு மேடையில் ஒரு மணி நேரம் பேசுவது மூன்றரை மடங்கு மதிப்புள்ளது என்கிறது நம் உயர்கல்வியின் சட்டம்.

சிறந்த கற்பித்தலைப் பல்கலைக்கழகம் அடையாளம் காணவேண்டும், ஆதரிக்கவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கொள்கை ஆவணங்களும் துணைவேந்தர் உரைகளும் ஆசிரியர் தின விழாக்களும் ஒரே குரலில் சொல்வதுதான். ஆனால் நம்மிடம் இருக்கும் கருவிகள் சிறந்த கற்பித்தலை உண்மையில் கண்டுபிடிக்கின்றனவா? பதவி உயர்வுப் புள்ளிகள், தர மதிப்பீடு, தரவரிசை, மாணவர் கருத்துப் படிவம், விருது ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தால்தான் விடை சொல்ல முடியும்.

முதலில் புள்ளிகள். 2010இல் மானியக் குழு கொண்டுவந்த ஏ.பி.ஐ. எனும் கல்விச் செயல்திறன் குறியீடு, கற்பித்தலைத் தனிப் பிரிவாகவே வைத்தது. விரிவுரைகள், பாடத் தயாரிப்பு, புதுமையான கற்பித்தல் முறைகள், தேர்வுப் பணிகள் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 125 புள்ளி. ஆண்டுக்குக் குறைந்தது 75 எடுத்தால் போதும். படிவத்தை ஆசிரியரே நிரப்ப வேண்டும். வேலைக்கு வந்துபோகும் எவரும் 75ஐத் தொட்டுவிடலாம் என்பதால், கற்பித்தல் பிரிவு ஒருவரையும் இன்னொருவரையும் வேறுபடுத்தவில்லை. அது வாசற்படியாக மட்டும் இருந்தது. போட்டி முழுதும் ஆய்வுப் பிரிவில் நடந்தது. மதிப்பிடப்பட்ட இதழில் ஒரு கட்டுரைக்கு 15 புள்ளி என்று அறிவித்தவுடன் அந்தப் புள்ளிகளை விற்கும் சந்தையும் முளைத்தது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கவேண்டி வந்தது. அந்தக் கட்டுரைகளுக்குச் செலவான நேரத்தில் பெரும்பகுதி மாணவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை எந்தக் கணக்கும் பதிவுசெய்யவில்லை.

ஆனாலும் புள்ளிமுறையை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அதற்கு முன் இருந்த உலகம் என்ன? நேர்காணல் குழுவின் மனநிலை, துறைத்தலைவரின் ரகசிய அறிக்கை, சாதி, கட்சி, சிபாரிசு. தேர்வுக்குழு அறைக்குள் யாருடைய பெயர் ஏன் விழுந்தது என்பது வெளியே தெரியவே தெரியாது. முதல் தலைமுறையாகப் படித்து வந்த ஓர் உதவிப் பேராசிரியருக்கு, ‘எனக்கு இவ்வளவு புள்ளி இருக்கிறது, ஏன் தரவில்லை?’ என்று நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையை எண்கள்தாம் கொடுத்தன. 2018 விதிமுறைகளிலும் நல்ல நோக்கம் ஒன்று உண்டு. கல்லூரி ஆசிரியர்களின் தொடக்கநிலைப் பதவி உயர்வுகளில் ஆய்வுப் புள்ளிகளின் பிடியை அவை தளர்த்தின. இளங்கலை வகுப்பில் நாளெல்லாம் நிற்பவரைக் கட்டுரை எழுதச் சொல்லி வதைக்கவேண்டாம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. சரியான எண்ணம். ஆனால் ஆய்வுப் புள்ளி இருந்த இடத்தில் கற்பித்தலின் தரத்தைப் பார்க்கும் கண் எதையும் அவை வைக்கவில்லை. வருகைப் பதிவேட்டை வைத்தன.

இரண்டாவது, நாக் எனும் தேசிய அமைப்பு செய்யும் தர மதிப்பீடு. பல்கலைக்கழகங்களுக்கான அதன் 1,000 மதிப்பெண் சட்டகத்தில் கற்றல், கற்பித்தல், மதிப்பீடு ஆகியவற்றுக்கு 200, ஆய்வுக்கு 250. பல்கலைக்கழகம் ஆய்வுக்கும் உரிய இடம் என்பதால் இந்த விகிதத்தோடு பெரிதாகச் சண்டைபோட வேண்டியதில்லை. அந்த 200க்குள் முதன்மையாக என்ன இருக்கிறது என்பதே கேள்வி. மாணவர் சேர்க்கை, ஆசிரியர் மாணவர் விகிதம், முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், தேர்வு முடிவு வர எத்தனை நாள், தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு. இவை எல்லாம் தேவையான தகவல்கள். ஆனால் இவை கற்பித்தல் நடப்பதற்கான நிபந்தனைகள், கற்பித்தல் அல்ல. நாக் குழு வருகிறது என்றால் கல்லூரியில் நடப்பதைத் தமிழ்நாட்டில் படித்த, பணியாற்றிய எவரும் அறிவார். கோப்புகள் எழும், சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்படும், பழைய கூட்டக் குறிப்புகள் புதிதாக எழுதப்படும். வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியர் வகுப்பெடுத்ததற்கான சான்றுகளைத் தயாரித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, 2016இலிருந்து ஆண்டுதோறும் வரும் என்.ஐ.ஆர்.எஃப். எனும் தேசிய நிறுவனத் தரவரிசை. அதில் ‘கற்பித்தல், கற்றல், வளங்கள்’ என்ற தலைப்புக்குப் பல்கலைக்கழகப் பிரிவில் 30 விழுக்காடு எடை. தலைப்பில் கற்பித்தல் முதலில் நிற்கிறது. உள்ளே போனால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் மாணவர் விகிதம், ஆசிரியர்களின் முனைவர் பட்டமும் அனுபவமும், செலவிடப்படும் பணம் ஆகியவையே முதன்மையாக இருக்கின்றன. மூன்று சொற்களில் கடைசிச் சொல்லான வளங்களுக்குத்தான் அளவுகோல் இருக்கிறது. நல்ல விகிதமும் நல்ல நூலகமும் உள்ள ஒரு துறையில் முப்பது ஆண்டுகளாக ஒரே குறிப்பேட்டை வாசித்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் இருந்தாலும், தரவரிசைக்கு அவர் சொத்து. முனைவர் பட்டமும் அனுபவமும் அவரிடம் இருக்கின்றன அல்லவா?

நான்காவது கருவி, மாணவரிடமே கேட்டுவிடுவது. கேட்பதற்கு மிக நியாயமான வழியாகத் தோன்றும். பருவ இறுதியில் ஃபீட்பேக் படிவம் வருகிறது. ‘ஆசிரியர் பாடத்தைத் தெளிவாக விளக்கினாரா’ என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போடவேண்டும். இந்த எண்ணும் கற்றலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொடர்புடையவை என்பது பல நாடுகளில் ஆராயப்பட்டிருக்கிறது. முடிவுகள் இந்தக் கருவியை நம்புகிறவர்களுக்கு உவப்பானவை அல்ல.

அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வை நாம் கவனித்துப் படிக்கவேண்டும், ஏனென்றால் அந்த இடத்தின் ஏற்பாடு நம் இணைவுக் கல்லூரிகளை ஒத்தது. எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போவது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்கள். முதல் கணிதப் பாடத்தில் தம் மாணவர்களுக்கு உயர்ந்த மதிப்பெண் வாங்கித் தந்த ஆசிரியர்கள், மாணவர்களிடமும் உயர்ந்த மதிப்பீடு பெற்றார்கள். ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த கணிதப் பாடங்களுக்குப் போனபோது பின்தங்கினார்கள். முதல் பாடத்தில் கறாராக நடந்து, குறைவான மதிப்பீடு வாங்கிய அனுபவசாலிகளின் மாணவர்கள் பின்னால் நன்றாகச் செய்தார்கள். இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க் என்று வினாவங்கியைப் பிரித்துக் கொடுத்து ஒப்பிக்க வைப்பவர் நல்ல வாத்தியார் என்று பெயர் வாங்குவதும், ஏன் எதற்கு என்று கேட்டுத் தலையைச் சுற்றவைப்பவர் மேல் புகார் போவதும் நமக்குப் பழகிய காட்சிகள். அந்தப் பழக்கத்துக்கு அளந்து காட்டிய சான்று இந்த ஆய்வு.

ஹார்வர்டின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வும் அதே திசையில் போகிறது. மாணவர்களே சிக்கலோடு மல்லுக்கட்டிய வகுப்பில் அவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் சரளமான சொற்பொழிவைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். தடுமாற்றம் தோல்விபோல் தெரிகிறது. மிதந்து போவது புரிதல்போல் தெரிகிறது. இதோடு ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மதிப்பீடு சாய்வதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்மூரில் அந்தச் சாய்வுக்குச் சாதி என்றொரு பரிமாணமும் கூடும் என்று நினைக்காமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இதனால் மாணவர் குரல் வேண்டாம் என்றாகிவிடாது. ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, விடைத்தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாரா, கேள்வி கேட்டால் அவமானப்படுத்தினாரா என்பதை மாணவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. இவை நடந்தவை பற்றிய சாட்சியங்கள். ‘நன்றாகக் கற்பித்தாரா’ என்பது தீர்ப்பு. சாட்சியை அழைத்துவந்து தீர்ப்பெழுதச் சொல்வதுதான் இந்தப் படிவத்தின் பிழை.

ஐந்தாவது, விருது. பள்ளி ஆசிரியர்களுக்கு 1958 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய நல்லாசிரியர் விருது, 2023இல் உயர்கல்விக்கும் விரிந்தது. அந்த ஆண்டு நாடு முழுதும் 13 உயர்கல்வி ஆசிரியர்கள் பெற்றார்கள். சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் தமக்குள் கற்பித்தலுக்கென்று தனி விருதுகளை வைத்திருக்கின்றன. இவற்றைக் குறைசொல்ல மனம் வராது. நல்ல ஆசிரியர் ஒருவர் மேடையேறுவது நல்ல காட்சி. ஆனால் விருது என்ன செய்கிறது என்று பார்த்தால், கற்பித்தலை ஒரு தனிமனிதரின் வரமாக உயர்த்தி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவர் எப்படிக் கற்பித்தார் என்பது அவருடைய துறையிலேயே அடுத்த அறைக்குப் போவதில்லை. விருது பெற்றவர் ஓய்வுபெறும் நாளில் அந்தக் கற்பித்தலும் ஓய்வுபெற்றுவிடுகிறது. லட்சக்கணக்கான ஆசிரியர்களில் ஒரு சிலருக்கு மட்டும் கிடைக்கும் ஒன்று, மற்றவர்களின் நாளாந்த வேலையை மாற்றும் விசையாகவும் இருக்க முடியாது.

தனிமனிதரை விட்டுவிட்டு நிறுவனத்துக்கே பதக்கம் தந்தால் என்ன? இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. அங்கே இளங்கலைக் கட்டணம் ஆண்டுக்கு 9,000 பவுண்டைத் தாண்டிய காலம். பல்கலைக்கழகங்கள் ஆய்வைக் கொண்டாடி மாணவர்களை மறந்துவிட்டன என்று குற்றஞ்சாட்டிய அரசு, டெஃப் எனும் கற்பித்தல் மேன்மைச் சட்டகத்தைக் கொண்டுவந்தது. 2017 ஜூனில் முதல் முடிவுகள் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வந்தன. ஆய்வில் உலகப் புகழ்பெற்ற லண்டன் பொருளியல் பள்ளிக்கு வெண்கலம். பெயர் அதிகம் கேள்விப்படாத சில நிறுவனங்களுக்குத் தங்கம். புகழும் கற்பித்தலும் ஒன்றல்ல என்று பகிரங்கமாகச் சொன்ன வகையில் அது துணிச்சலான காரியம். பல்கலைக்கழகங்களின் உயர்மட்டக் கூட்டங்களில் கற்பித்தல் பேசப்பட்டதற்கும் அது ஒரு காரணம்.

ஆனால் அளக்கப்பட்டது எது? மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு, படிப்பைப் பாதியில் விடாமல் தொடர்ந்தவர் விகிதம், படித்து முடித்தபின் கிடைத்த வேலை. இவற்றோடு நிறுவனம் தானே எழுதித் தரும் ஓர் அறிக்கை. மதிப்பீட்டாளர் எவரும் வகுப்பறைக்குள் காலடி எடுத்து வைக்கவில்லை. பட்டதாரிக்குக் கிடைக்கும் வேலை அவருடைய குடும்பப் பின்னணியையும் ஊரின் பொருளாதாரத்தையும் பொறுத்தது. பின்னணியைக் கழித்துப் பார்க்கப் புள்ளியியல் திருத்தங்கள் செய்யப்பட்டாலும், அந்தக் கணக்குமுறையையே பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் கடுமையாக விமர்சித்தது. பாடவாரியாகப் பதக்கம் தரும் திட்டம் முன்னோட்டம் வரை போய் 2021இல் கைவிடப்பட்டது. 2023இல் சீர்திருத்திய வடிவில் டெஃப் திரும்பி வந்தபோது எண்களோடு மனிதத் தீர்ப்புக்கும் மாணவர்களே எழுதும் அறிக்கைக்கும் கூடுதல் இடம் கிடைத்திருந்தது. எண்களிலிருந்து தொடங்கிய ஒரு நாடு, வாசித்துத் தீர்மானிப்பதை நோக்கி மெல்ல நகர்ந்திருக்கிறது. நாம் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஐந்து கருவிகளுக்கும் பொதுவான குறை ஒன்றுதான். கற்பித்தலின் சுற்றுப்புறத்தை இவை அளக்கின்றன. கற்பித்தல் விட்டுச்செல்லும் தடயத்தைத் தொடுவதில்லை. நாலு சுவருக்குள் நடந்து காற்றில் கரைந்துபோவது கற்பித்தல், அதற்குத் தடயமே கிடையாது, ஆகையால் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை என்பார்கள். அது உண்மையில்லை. ஓர் ஆசிரியர் அமைத்த வினாத்தாளும் அவர் கைப்படத் திருத்திய விடைத்தாள்களும் தடயங்கள். வினாத்தாளைப் பார்த்தாலே மாணவரிடம் அவர் எதை எதிர்பார்த்தார் என்று தெரிந்துவிடும்: ஒப்பித்தலையா, விளக்கத்தையா, புதிய சூழலில் பயன்படுத்தும் திறனையா? திருத்திய தாளின் ஓரத்தில் வெறும் டிக் அடித்திருக்கிறாரா, பிழை எங்கே தொடங்கியது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரா? சென்ற ஆண்டு பெரும்பாலோர் தவறவிட்ட ஒன்றை இந்த ஆண்டு வேறு வழியில் அணுகியிருக்கிறாரா? மூன்று ஆண்டுகளின் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அதே பாடத்தைக் கற்பிக்கும் இன்னொரு ஆசிரியருக்கு ஒரு மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிடும். ஒரு கட்டுரையை மதிப்பிட இரண்டு வல்லுநர்களை வாசிக்கச் சொல்லும் பல்கலைக்கழக உலகம், ஒரு பாடத்தை மதிப்பிட மட்டும் யாரையும் எதையும் வாசிக்கச் சொல்வதில்லை.

இங்கேதான் நம் அமைப்பின் ஆழமான முடிச்சு இருக்கிறது. இணைவுக் கல்லூரி ஆசிரியரிடம் அந்தத் தடயம் பெரும்பாலும் கிடையாது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில், தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாக நிறுவப்பட்டது. கற்பிப்பது கல்லூரி, அளப்பது பல்கலைக்கழகம். பாடத்திட்டத்தை யாரோ வகுக்கிறார்கள். வினாத்தாளை யாரோ அமைக்கிறார்கள். விடைத்தாளை எங்கோ ஒரு மையத்தில் யாரோ திருத்துகிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் தம் மாணவர் எழுதியதை ஆசிரியர் பார்ப்பதே இல்லை. எங்கே தவறினார்கள் என்று தெரியாமல் அடுத்த ஆண்டு எதைத் திருத்திக்கொள்வது? உழுபவரிடமிருந்து அறுவடையை மறைத்துவிட்டு விளைச்சல் பற்றி அவரிடம் விசாரணை நடத்துகிறோம்.

கோத்தாரி கல்விக் குழு 1960களிலேயே இதற்கு மாற்றாகத் தன்னாட்சிக் கல்லூரிகளைப் பரிந்துரைத்தது. 1978இல் அதைத் தொடங்கிய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை அந்த முதல் வரிசை. வினாத்தாள் மீண்டும் கல்லூரிக்குள் வந்தது. சில துறைகள் அந்தச் சுதந்திரத்தை வைத்துப் புதிய பாடங்களையும் புதிய தேர்வுமுறைகளையும் உருவாக்கின. பிற்பாடு தன்னாட்சி பெற்ற பல இடங்களிலோ பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள் வார்ப்பே பெயர் மாறி நின்றது. சுதந்திரம் கொடுத்தவர்கள், அதைக் கல்லூரிகள் எப்படிப் பயன்படுத்தின என்று படித்துப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் ஆசிரியரே கேள்வி அமைப்பார், ஆசிரியரே திருத்துவார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் புறத்தேர்வாளர் வினாத்தாளையும் திருத்திய தாள்களில் ஒரு மாதிரியையும் படித்து எழுத்தில் கருத்துச் சொல்வார். ஆசிரியர்மேல் நம்பிக்கையும் உண்டு, சரிபார்ப்பும் உண்டு. லண்டனிலிருந்து தேர்வை மட்டும் எடுத்துவந்த நாம் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

சக ஆசிரியர்கள் வாசித்து மதிப்பிடும் முறைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எண்களை விட்டுவிட்டு மனிதத் தீர்ப்புக்குப் போனால், பழைய சாதியும் சிபாரிசும் வேறு வாசல் வழியே உள்ளே வரும் என்பது. இந்த அச்சத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அதற்கு மருந்து தீர்ப்பைத் தவிர்ப்பதில் இல்லை; தீர்ப்பைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது. வாசிப்பவர் வேறு நிறுவனத்தவராக, பாட வல்லுநர் பட்டியலிலிருந்து குலுக்கலில் தேர்வானவராக இருக்கவேண்டும். ஆசிரியரின் பெயர் அவருக்குத் தெரியக்கூடாது. எந்த விடைத்தாள்கள் என்பதை ஆசிரியர் பொறுக்கித் தரக்கூடாது. அவையும் குலுக்கலில் வரவேண்டும். தீர்ப்பு எழுத்தில், காரணங்களோடு இருக்கவேண்டும். ஆசிரியருக்கு மறுமொழி சொல்லும் உரிமை வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சாய்வு முற்றாக ஒழியாது. ஆனால் எழுதப்பட்ட காரணத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும்; வருகை விழுக்காட்டில் எதிர்க்கக்கூட ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் வாசிக்க நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் பேராசிரியராவதற்குள் நான்கு பதவி உயர்வுகளைக் கடக்கிறார். முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு வாசகர்கள், சில மணி நேரம். நாக் கோப்புகளுக்கு ஒரு கல்லூரி செலவிடும் உழைப்போடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அடையாளம் காண்பது பாதி வேலை. ஆதரிப்பது மறுபாதி, அங்கே நம் நிலைமை இன்னும் மோசம். ஆதரவு என்றால் நமக்குத் தெரிந்தது புத்தாக்கப் பயிற்சி. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து உருவான கல்விப் பணியாளர் கல்லூரிகள், பின்பு மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023இலிருந்து மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. பெயர் மாறிய அளவுக்குப் பயிற்சி மாறவில்லை. பல துறைகளிலிருந்து வந்தவர்களை ஓர் அரங்கில் உட்காரவைத்து, விரிவுரை முறை போதாது என்பதை விரிவுரையாகவே சொல்லி, பதவி உயர்வுக்கு வேண்டிய சான்றிதழோடு அனுப்பிவைப்பதே வழக்கம்.

இதற்கு நேர்மாறான பரிசோதனை ஒன்றை நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்திலும் நடத்தினார். பணம் தனிமனிதருக்குப் போகவில்லை, துறைகளுக்குப் போனது. அந்தந்தத் துறையின் பாடத்தில் ஆழ்ந்த அறிவும் கற்றல் ஆய்வில் பயிற்சியும் உள்ளவர்களைத் துறைக்குள்ளேயே பணியமர்த்தினார்கள். அவர்கள் பேராசிரியரோடு சேர்ந்து உட்கார்ந்து, மாணவர் எதைச் செய்யக் கற்கவேண்டும் என்று வரையறுத்து, பாடத்தை ஒவ்வொன்றாக மாற்றி அமைத்தார்கள். பயிற்சி முகாமுக்கு ஆசிரியர் போகவில்லை. உதவி அவருடைய பாடத்தைத் தேடி வந்தது. எல்லாத் துறைகளும் ஒரே அளவில் மாறவில்லை. துறையின் தலைமை உறுதியாக நின்ற இடத்தில் மாற்றம் பிடித்தது. நிற்காத இடத்தில் பணம் கரைந்தது. நமக்குப் பாடம் இதிலேயே இருக்கிறது: கற்பித்தல் மேம்படும் அலகு துறை. விருதும் புள்ளியும் தனிமனிதரையும், நாக்கும் தரவரிசையும் நிறுவனத்தையும் குறிவைக்கின்றன. நடுவில் இருக்கும் துறையை யாரும் பார்ப்பதில்லை.

ஆதரவைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தைத் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் வகுப்புகளில் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். மானியக் குழு 2019இல் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று வழிகாட்டியது. மாநிலம் 2023இல் உயர்த்திய பிறகும் கிடைத்தது 25,000. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். பெயரில் கௌரவம் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுப்போமா என்பதே உறுதியில்லாத ஒருவரிடம், மூன்று ஆண்டு நோக்கில் பாடத்தை மெருகேற்று என்று எந்த முகத்தோடு கேட்பது? இவர்களிடம் வரும் மாணவர்களில் பலர் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்து, ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்பவர்கள். அவர்களைக் கைப்பிடித்துக் கரையேற்றுவது உயர்கல்வியின் ஆகக் கடினமான கற்பித்தல். அதைச் செய்பவர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

2025 ஜனவரியில் வந்த மானியக் குழுவின் வரைவு விதிமுறைகள் துணைவேந்தர் நியமனத்தால் சர்ச்சையாயின. தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அந்தச் சத்தத்தில் கற்பித்தல் பற்றிய பகுதி கவனம் பெறாமல் போயிற்று. புள்ளிக் கணக்கைக் கைவிட்டு, ஒன்பது வகையான குறிப்பிடத்தக்க பங்களிப்புகளில் குறைந்தது நான்கைக் காட்டவேண்டும் என்கிறது வரைவு. புதுமையான கற்பித்தலும் இந்திய மொழிகளில் கற்பித்தலும் அந்த ஒன்பதில் இருக்கின்றன. எண்ணிலிருந்து விலகும் அந்த நோக்கம் வரவேற்கத்தக்கது. தமிழில் அறிவியல் கற்பிப்பவருக்கு முதன்முறையாக ஒரு கட்டம் கிடைக்கிறது. ஆனால் புதுமை எது, அதை யார், எதைப் படித்து முடிவு செய்வார்கள் என்ற இடம் தேர்வுக்குழுவின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. புள்ளிமுறையின் மடமையை நீக்கும்போது அது தந்த பாதுகாப்பையும் சேர்த்து நீக்கினால், 2010க்கு முந்தைய அறைக்கே திரும்பிப் போவோம். புதுமை என்ற சொல்லுக்கும் பரிசு தேவையில்லை. பழைய கரும்பலகையில் பாடத்தைப் புரியவைப்பவரை விட்டுவிட்டு, புதிய திரையில் புரியாமல் போகச் செய்பவரைப் பாராட்டவே அந்தச் சொல் உதவும்.

எடைபோட்ட வரையில் என் முடிவு இது. சிறந்த கற்பித்தலை அடையாளம் காணும் கருவியாக, இன்றைய ஏற்பாடு தோல்வி. புள்ளிமுறை நியாயத்தைக் காத்தது, ஆனால் தரத்தைப் பார்க்கவில்லை. நாக்கும் தரவரிசையும் நிபந்தனைகளை அளந்துவிட்டு அவற்றையே கற்பித்தல் என்றன. மாணவர் படிவம் சாட்சியிடம் தீர்ப்பைக் கேட்டது. விருது ஒருவரை உயர்த்தியது, துறையைத் தொடவில்லை. இவற்றில் எதையும் ஒழிக்கவேண்டியதில்லை. எதையும் கற்பித்தலின் அளவுகோலாக நம்பக்கூடாது.

மாற்றங்களைச் செய்யும் வரிசைதான் முக்கியம். முதலில் காலிப் பணியிடங்களை நிரப்பி, கௌரவ விரிவுரையாளர்களுக்கு நிலையான பணியும் முழு ஊதியமும் தரவேண்டும்; இது நடக்காமல் மேன்மை பற்றிப் பேசுவது நாகரிகமில்லை. அடுத்து, வினாத்தாளையும் விடைத்தாளையும் கற்பிப்பவரின் கைக்குத் திருப்பித் தந்து, வெளியிலிருந்து வாசிக்கும் தேர்வாளரை நியமிக்கவேண்டும். மூன்றாவதாக, பதவி உயர்வில் அந்த வாசிப்பின் எழுத்துத் தீர்ப்புக்கு ஆய்வுக் கட்டுரைகளுக்கு நிகரான எடை தரவேண்டும். விருதுகள் கடைசியில் வரட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி விருதிலிருந்து தொடங்குவது மலிவானது, அதனால்தான் எல்லா அரசுகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஓர் ஆசிரியர் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு அவருடைய மாணவர்கள் எழுதிய விடைகளையும் படித்துப் பார்க்க மறுக்கும் பல்கலைக்கழகத்துக்கு, அவர் நல்லாசிரியர் என்று சொல்லும் தகுதியும் இல்லை, இல்லை என்று சொல்லும் தகுதியும் இல்லை.